வெறும் மணலைச் சுற்றிய வளைவு

சாய்ந்தமருதில் ஸகியாவின் வேலையைப் பற்றி ஊருக்கு ஒரு முடிவான எண்ணம் இருந்தது. சவூதியில் ஒரு பார்க்கில் வேலை என்று அவள் சொல்லியிருந்தாள். பார்க் என்றால் புல்லும் பூமரமும் சீமெந்து இருக்கையும்தானே. அங்கே ஒரு பெண்ணுக்கு என்ன வேலை இருக்கும்? கூட்டுவாள், தண்ணீர் பிடிப்பாள், காய்ந்த இலை பொறுக்குவாள். லீவில் வந்தபோது அவளுடைய உள்ளங்கை காய்த்துப்போயிருந்ததைக் கண்ட அஸ்பியா, "கூட்டுற தும்புத்தடி புடிச்சிப் புடிச்சே எங்கட மச்சிர கை இப்பிடியாப் போச்சு" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் கவலைப்பட்டாள். அஸ்பியா ஜவுபரின் தங்கை. ஜவுபர் ஸகியாவின் கணவன். அவனும் தும்புத்தடியைத்தான் நம்பியிருந்தான்.

உண்மையில் அந்தக் கை ஓர் இரும்புப் பிடியைப் பிடித்துக் காய்த்தது. பூங்காவின் வாசல் திறக்குமுன், காலை வெயில் ஏறத் தொடங்கும் நேரம், ஓட்டம் சரியா என்று சோதிக்க, ஸகியா ஒரு ரோலர் கோஸ்டரின் முதல் பெட்டியில் ஏறி உட்காருவாள். பின் ஆசனங்களில் மனிதர்களுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகள் இருக்கும். சங்கிலி அவளையும் பொம்மைகளையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு போகும். ஒரு தென்னையின் தலையில் இன்னொரு தென்னையை நட்டாலும் எட்டாத உயரம் அது. உச்சியில் ஒரு கணம் எல்லாம் நின்றுபோகும். அங்கிருந்து பார்த்தால் பட்டணமும், அதற்கப்பால் அலையே இல்லாத வெளிறிய கடலும் தெரியும். பிறகு முழுவதும் குப்புற விழும்.

இந்த வேலைக்கு அவள் வந்த கதை சுனாமியிலிருந்து தொடங்குகிறது.

கடல் வந்த அன்று ஸகியாவும் ஜவுபரும் நிந்தவூரில் ஒரு கலியாண வீட்டில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது கரையோரத்தில் அவர்களுடைய வீடும் இல்லை, ஜவுபரின் போட்டும் இல்லை. வளவு மட்டும் கிடந்தது. அந்த வளவிலும் இனி வீடு கட்டக் கூடாது, கடலுக்கு இவ்வளவு கிட்ட யாரும் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ஊரின் மேற்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீடு கிடைத்தது. ஜவுபர் மற்றவர்களின் போட்டில் கடலுக்குப் போனான். ஸகியா சவூதியின் கிழக்குக் கரையில் ஒரு பட்டணத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

அந்த வீட்டு எஜமானி நல்லவள். பிள்ளைகளைக் கிழமைக்கு ஒருமுறை பூங்காவுக்குக் கூட்டிப் போவாள். அந்த மாலை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. டிக்கட் கொடுப்பதிலிருந்து இராட்டினம் சுற்றுவதுவரை எல்லாம் பெண்களே செய்வார்கள். பிள்ளைகள் கோஸ்டரில் ஏறும்போது அவர்களின் செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்வது ஸகியாவின் பொறுப்பு. அவள் கம்பி வேலியோடு சாய்ந்து நின்று அதைக் கீழிருந்து பார்ப்பாள்.

மற்றவர்கள் அலறலைக் கேட்டுச் சிரித்தார்கள். ஸகியா எஞ்சினைத் தேடினாள். அவள் கடலுக்குப் போகிறவனின் பெண்டாட்டி. எது ஓடினாலும் அதற்கு ஓர் எஞ்சின் இருக்க வேண்டும், அது இரைய வேண்டும், புகைக்க வேண்டும். இந்த வண்டிக்கு முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. கோஸ்டரை இயக்கிக்கொண்டிருந்தவள் மெர்லி என்ற பிலிப்பைன்ஸ் பெண். ஒரு மாலை ஸகியா தனக்குத் தெரிந்த அரபியில் அவளிடம் கேட்டாள்.

"இதுக்கு எஞ்சின் எங்கே?"

மெர்லியிடம் இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. லீவரிலிருந்து கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்தாள். "இல்லை. அந்தச் சங்கிலி உச்சிவரைக்கும் இழுக்கும். அதற்குப் பிறகு அதன் பாரம்தான் அதை ஓட்டுகிறது."

"திரும்பி வருவதும்?"

"திரும்பி வருவதும்."

ஸகியாவுக்கு அது பிடிபடவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் அதையே நினைத்தாள். ஒருமுறை மேலே ஏற்றிவிட்டால், பிறகு யாரும் தொடாமல், இத்தனை மேடும் பள்ளமும் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும் ஒரு பொருளை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை. அடுத்த கிழமை போய் மெர்லியிடம் வேறொன்று கேட்டாள். அதற்கடுத்த கிழமை இன்னொன்று. ஒப்பந்தம் முடிகிற நேரத்தில், ஊருக்குப் போகப் பெட்டி கட்ட வேண்டியவள், எஜமானியின் முன்னால் போய் நின்று, பூங்காவில் தனக்கு ஒரு வேலை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். எஜமானி முதலில் சிரித்தாள். பிறகு ஸகியாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சகோதரனுக்கு போன் எடுத்தாள்.

"ஏறிப் பார்க்காதவள் லீவரைத் தொடக் கூடாது" என்பது மெர்லியின் சட்டம். வேலைக்குச் சேர்ந்த முதல் காலை ஸகியா அபாயாவை முழங்காலுக்குக் கீழே சுற்றி முடிந்துகொண்டு முதல் பெட்டியில் உட்கார்ந்தாள். உச்சியிலிருந்து விழுந்தபோது கலிமாவைத் தொடங்கினாள். அதை இரண்டாவது மேட்டில்தான் முடிக்க முடிந்தது. இறங்கியவள் திரும்பி உச்சியையே பார்த்தாள். மெர்லி அவளுடைய தோளைப் பிடித்து, "அழப் போகிறாயா?" என்று கேட்டாள்.

"இல்லை. அடுத்தது எப்போது?" என்றாள் ஸகியா.

அன்று பின்னேரம் ஜவுபருக்கு போன் எடுத்தபோது சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் சுனாமிக்குப் பிறகு அவன், அவள் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து கல்முனைக்குப் போவதற்கே ஆயிரம் தரம் கவனம் சொல்லுகிறவனாக மாறியிருந்தான். "பார்க்ல வேல கெடச்சிரிக்கி" என்றாள். "பூமரம் எல்லாம் இரிக்கா?" என்று கேட்டான். "ஓம், இரிக்கி" என்றாள். வாசலில் இரண்டு பேரீச்சமரம் நின்றது. பொய் என்று சொல்ல முடியாது.

அந்தக் கோஸ்டரில் ஏறாத காலை கிடையாது என்று ஆனபிறகு, ஸகியாவின் உடம்புக்கு அதன் ஒவ்வொரு இடமும் பழகியது. எங்கே வயிறு மேலே வரும், எங்கே காற்று காதை அடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவாள். அதில் ஓரிடம் மட்டும் அவளுக்கு ஒத்துவரவில்லை. இரண்டாவது மேட்டிலிருந்து இறங்கும் தண்டவாளம், அப்படியே நேராகப் போய் நிலையத்துக்குள் நுழைந்திருக்க வேண்டும். எதிரே வெட்டவெளி. ஆனால் அது திடீரென்று இடப்பக்கம் ஒடிந்து, அரைவட்டமாக எதையோ சுற்றிக்கொண்டு, மறுபடி பழைய வழிக்கு வந்தது. அந்த ஒடிவில் அவளுடைய தோள் ஒவ்வொரு முறையும் பெட்டியின் ஓரத்தில் இடித்தது. ஒடிவுக்குச் சற்று முன்னால் "டக்-டடக்" என்று ஒரு சத்தமும் வந்தது.

எதைச் சுற்றுகிறது? ஒருநாள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். வளைவுக்குள் மணல் இருந்தது. தூண் இல்லை, குழி இல்லை, கம்பி இல்லை. வெறும் மணல்.

தலைமை மெக்கானிக் எகிப்துக்காரர், பெயர் ஹானி. அதிகம் கதைக்காத மனிதர். சத்தத்தைப் பற்றி அவள் சொன்னபோது உடனே வந்து இணைப்புகளையெல்லாம் பார்த்தார். பழுது ஒன்றுமில்லை. வளைவைப் பற்றிக் கேட்டபோது, கையைத் துடைத்துக்கொண்டு, "தெரியாது. இங்கே கப்பலில் வரும்போதே இப்படித்தான் வந்தது. கழற்றியபடியே பூட்டினோம்" என்றார்.

"அப்படியென்றால் இது புதிதாக வாங்கியதில்லையா?"

"இதுவா? உனக்கு மூத்தது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு சொல் ஸகியாவுக்குள் எதையோ திறந்துவிட்டது. இந்த இரும்புக்கு இன்னொரு ஊர் இருந்திருக்கிறது. அங்கே வேறு பிள்ளைகள் ஏறியிருக்கிறார்கள். ஒரு தூணின் அடியில், யாரும் பார்க்காத பக்கமாகக் குந்தியிருந்து, கையிலிருந்த பூட்டுத் திறப்பின் நுனியால் பெயின்டைச் சுரண்டினாள். சிவப்புக்குக் கீழே நீலம். நீலத்துக்குக் கீழே, நன்றாக இறுகிப்போய், பாலாடை நிறம். அதற்குக் கீழே இரும்பு.

வேலைசெய்கிறவர்களிடம் அவள் அந்த வளைவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வரைந்தவனுக்குக் கை வழுக்கிவிட்டது என்றான் வெல்டிங் வேலை செய்த ஒரு பாகிஸ்தான்காரன். பயணிகளின் பையிலிருந்து சில்லறையைக் கொட்டவைக்கத்தான் என்றாள் மெர்லி. அந்த வளைவுக்குக் கீழேதான் உண்மையிலேயே சில்லறை விழுந்து கிடக்கும்.

சில வருடம் இப்படியே போனது. பெண்களுக்கான ஒரு மாலையில் பட்டணத்து ஆஸ்பத்திரியின் வெளிநாட்டு நேர்ஸ்மார் கூட்டமாக வந்தார்கள். வண்டி ஓடித் திரும்பியபோது எல்லோரும் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். ஒருத்தி மட்டும் இறங்கவில்லை. நாற்பது வயதிருக்கும், செம்பட்டை முடி. பிடியைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். மயக்கமாக்கும் என்று பயந்து ஸகியா ஓடிப்போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "இது முன்பு நீல நிறமாக இருந்தது."

அந்த நீலத்தை ஸகியா தன் திறப்பின் நுனியில் கண்டிருக்கிறாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தச் சத்தம்" என்றாள் அவள். பிடியில் விரலால் தட்டிக் காட்டினாள். டக்-டடக்.

அவளுடைய பெயர் ஹெலன். இங்கிலாந்தின் வடக்கே ஒரு கடற்கரை ஊர். சின்ன வயதில் கோடை லீவு முழுவதும், கரையிலிருந்த பூங்காவில் இனிப்புக் கடை வைத்திருந்த சின்னம்மாவோடு இருப்பாளாம். கோஸ்டர் ஓட்டுகிறவனுக்கு இனிப்புக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டே இருப்பாளாம். ஒரு கோடையில் போனபோது கோஸ்டர் இல்லை, விற்றுவிட்டார்கள். எங்கே விற்றார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பாலைவனத்துப் பட்டணத்தில் வேலைக்கு வந்த இடத்தில், தோழிகள் இழுத்த இழுப்புக்கு ஏறியவளுக்கு, இரண்டாவது மேடு இறங்கும்போது அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது.

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மெர்லி லீவரை வாங்கிக்கொள்ள, ஸகியா ஹெலனைக் கூட்டிக்கொண்டு வேலிப் பக்கம் போனாள். இத்தனை வருடம் மனதில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

"உங்கள் ஊரில் அந்த வளைவுக்குள் என்ன இருந்தது?"

ஹெலன் யோசித்தாள். "புல்."

"வெறும் புல்லா?"

"வெறும் புல். அதற்குள் ஒரு குதிரையைப் புதைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அதனால்தான் சுற்றிப் போகிறதாம்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஸகியாவுக்கு ஏமாற்றம் இல்லாமல் இல்லை. ஆனால் கேள்வி ஒரு படி பின்னால் நகர்ந்துவிட்டது. அங்கேயும் புல் என்றால், அதற்கு முன்னால் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். அந்தப் பாலாடை நிறத்தின் இடம்.

அன்றிலிருந்து ஹெலன் தன் ஓய்வு மாலைகளில் வரத் தொடங்கினாள். ஸகியாவுக்கு பிஸ்கட் கொண்டுவருவாள். ஸகியா அவளை முதல் பெட்டியில் இருத்துவாள். இங்கிலாந்துக்கு லீவில் போனபோது, முதியோர் இல்லத்திலிருந்த, அந்தப் பூங்காவின் பழைய மெக்கானிக் ஒருவரைத் தேடிப்பிடித்து ஹெலன் விசாரித்தாள். ஜேர்மனியிலிருந்து வந்தது என்பது மட்டும்தான் அவருக்கு நினைவிருந்தது. ஊரின் பெயர் வாய்க்குள் நின்றதாம், வெளியே வரவில்லையாம்.

கோஸ்டர் ஓய்வுபெற்றது கொரோனாவுக்கு முந்திய வருடம். அன்று காலையும் ஸகியா வழமைபோல் ஏறி இறங்கினாள். பரிசோதனைக்கு வந்த வெளிநாட்டு நிபுணர் மத்தியானம் ஹானியோடு நீண்ட நேரம் கதைத்தார். ஒன்றும் உடையவில்லை, ஆனால் சக்கரத்துக்கும் தடுப்புக்கும் வேண்டிய பகுதிகளைச் செய்கிற இடம் உலகத்தில் இப்போது இல்லை. இனி ஓட்டக் கூடாது என்று முடிவாயிற்று. தான் கடைசியாக ஏறிய பயணம் எது என்பது முடிந்தபிறகுதான் ஸகியாவுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை கால்கள் தாமாக அந்தப் பக்கம் போயின. பாதி வழியில் திரும்பி வந்தாள்.

கழற்றும் வேலை தொடங்கியது. கிரேன் அந்த வளைவைத் தூக்கி மணலில் வைத்த அன்று ஹானி ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டார். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டாள்.

"வா, பார். உன்னுடைய சத்தம்."

வளைவு நேர்த் தண்டவாளத்தோடு சேருகிற இடத்தில், பெயின்ட் ஒருபோதும் போகாத உட்பக்கத்தில், ஒரு பழைய வெல்டிங் தழும்பு ஓடியது. இரண்டு பக்கத்து இரும்பும் ஒரே இரும்பு இல்லை. நேர்த்துண்டு கனமானது, வளைவு மெல்லியது.

"இதை முதலில் நேராகத்தான் செய்திருக்கிறார்கள்" என்றார் ஹானி. "பிறகு வெட்டி, இந்த வளைவை வேறு யாரோ செய்து ஒட்டியிருக்கிறார்கள். செய்து முடித்தபிறகு ஏதோ வழிமறித்திருக்கிறது."

"எது?"

அவர் அடுத்த துண்டைத் தூக்கச் சொல்லிக் கிரேனுக்குக் கை காட்டினார். ஸகியா நடந்து போய், வளைவு எழுப்பப்பட்டிருந்த இடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மேலே ஆகாயம் மட்டும் இருந்தது. ஒரு பெரிய பொருளை நேராகப் போக விடாமல் நிறுத்திய அந்த ஏதோ ஒன்று எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று கையை உயர்த்திப் பார்த்தாள்.

வேலை முடிந்து ஸகியா ஊருக்கு வந்து சேர்ந்த மாதம், மெர்லி பழைய வீடியோ ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பினாள். போன் ஜவுபரின் கையில் இருந்தது. பின்னேரத் தேத்தண்ணீரோடு ஸகியா குசினியிலிருந்து வந்தபோது அவன் திரையை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இஞ்ச வா புள்ள. இது ஆரு?"

அவள் எட்டிப் பார்த்தாள். முதல் பெட்டி, பின்னால் பொம்மைகள், காற்றில் அடிபடும் கறுப்புத் துணி.

"நான்தான்."

"நீயா?"

"ஓம். அதான் எண்ட வேல."

"கூட்டுற வேல எண்டல்லோ சொன்ன நீ?"

"நான் எப்ப அப்பிடிச் சொன்ன? நீங்களும் உங்கட தங்கச்சியும்தான் சொன்ன."

ஜவுபர் வீடியோவை மறுபடி ஓடவிட்டான். கீழே விழும் இடத்தில் அவனுடைய உடம்பு தன்னையறியாமல் பின்னால் சாய்ந்தது. "இதுல எத்தின தரம் ஏறியிரிக்காய்?"

"ஒவ்வொரு நாளும் காலையில."

அவன் தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழும்பி, சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கோபமாக்கும் என்று ஸகியா நினைத்தாள். என்ன சொல்லிச் சமாதானப்படுத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கையில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு திரும்பி வந்தான். வாசற்படியில் நின்றபடியே கேட்டான்.

"அந்த ரெண்டாவது மேட்டால எறங்கின பொறகு அது ஏன் இடப்பக்கம் ஒடியிது? அங்க ஒண்டும் இல்லியே. நேராப் போக வேண்டியதுதானே?"

ஸகியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவனை உட்காரவைத்து, திறப்பு நுனியில் வந்த நீலத்திலிருந்து வெல்டிங் தழும்புவரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். சோறு ஆறிப்போனது. அன்றிலிருந்து அவளைவிட அவனுக்குத்தான் அவசரம். கடலால் வந்து வலையை இறக்கிவைத்த கையோடு, "அந்த நேர்ஸம்மா என்னவும் சொன்னாவா?" என்று கேட்பான். போட்டில் கூடவருகிறவர்களும் ஆளுக்கொரு காரணம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கிணறு இருந்திருக்கும் என்றார் ஒருவர். யாரோ பெரியவரின் கபுறு இருந்திருக்கும், அதை உடைக்க மனம் வந்திராது என்றார் இன்னொருவர்.

ஹெலன் சவூதி வேலையை விட்டு இங்கிலாந்துக்குத் திரும்பியிருந்தாள். பழைய கோஸ்டர்களைப் பற்றிப் பேசிக்கொள்ளும் ஆட்களுக்குள் புகுந்து, தன் சின்ன வயதுப் படத்தைக் காட்டிக் கேட்டுக்கேட்டு, கடைசியில் ஒருவர் ஜேர்மனியில் ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜவுபர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. ஹெலனின் முகம், அவளுக்குப் பின்னால் மழைத் தூறல், கார்கள் நிற்கிற ஒரு பெரிய சீமெந்து முற்றம்.

"ஸகியா, நான் வளைவுக்குள் நிற்கிறேன்" என்றாள் ஹெலன்.

போன் திரும்பியது. கார் முற்றத்தின் ஒரு மூலையில், சம்பந்தமில்லாமல், ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்ன வீடு. வீட்டு வாசலில் நரைத்த தலையோடு ஓர் அம்மா, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அவருடைய பெயர் எல்கே. ஆங்கிலம் மெதுவாகக் கதைத்தார், ஸகியாவுக்கு விளங்கியது. எல்கேயின் தாய் விதவை. ஊரில் பூங்கா கட்ட வந்த மனிதர் சுற்றியிருந்த காணியெல்லாம் வாங்கிவிட்டார். இந்த வீட்டையும் கொடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் கோஸ்டரைச் செய்யச் சொல்லிவிட்டார். தாயின் பதில் வருமுன்னே இரும்பு வந்து இறங்கிவிட்டது.

"அவர் கேக்கோடு வந்தார்" என்றார் எல்கே. "அம்மா கோப்பி ஊற்றிக் கொடுத்தார். இருவரும் கேக்கைச் சாப்பிட்டு முடித்தார்கள். பிறகு அம்மா, முடியாது என்றார்."

ஸகியா ஜவுபருக்கு அதைச் சொன்னாள். ஜவுபர் எச்சில் கையோடு போனுக்குக் கிட்ட வந்துவிட்டான். "மறுகா என்ன நடந்த?"

"மறுபடியும் கேக்கோடு வந்தார்" என்றார் எல்கே. " மறுபடியும் சாப்பிட்டார்கள். கடைசியில் அவர் இரும்பை வெட்டி எங்கள் குசினியைச் சுற்றி வளைத்தார்."

வண்டி வருகிற போதெல்லாம் பீங்கான்கள் ஆடுமாம். பெட்டியில் இருப்பவர்கள் குசினிக்குள் எட்டிப் பார்ப்பார்களாம். தாய் திரைச்சீலை போடவே இல்லையாம். நான் அடுப்பில் என்ன வைத்திருக்கிறேன் என்று ஊர் பார்க்கட்டுமே என்பாராம். பூங்கா மூடி கோஸ்டரை விற்றுக் கொண்டுபோன பிறகு, இவ்வளவு அமைதியில் மனிசர் எப்படி இருப்பது என்று மாதக்கணக்கில் குறைசொன்னாராம்.

"ஒரு சத்தம் வருமே, உங்களுக்கு நினைவிருக்கிறதா?" என்று கேட்டாள் ஸகியா. கிட்டக் கிடந்த அகப்பையை எடுத்துச் சோற்றுப் பானையின் மூடியில் தட்டினாள். டக்-டடக்.

எல்கேயின் கை வாய்க்குப் போனது. பிறகு ஹெலனிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். ஒரு குசினி தெரிந்தது, அதில் ஒரு யன்னல். "இந்தப் பக்கத்தால்தான் வரும்" என்றார்.

ஸகியா அந்த யன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோள் இடிக்க இடிக்க, இதற்கு முன்னால்தான் அவள் இத்தனை காலையும் போய் வந்திருக்கிறாள்.

"நீங்கள் போகும்போது இங்கே என்ன இருந்தது?" என்று எல்கே கேட்டார்.

"மணல்."

எல்கே சிரித்தார். ஸகியாவின் கண் அடுப்பிலிருந்த பாத்திரத்துக்குப் போய்விட்டது. "அதில் என்ன சமைக்கிறீர்கள்?" என்று கேட்டாள். உருளைக்கிழங்கு, என்று மூடியைத் திறந்து காட்டினார் எல்கே.

அழைப்பு முடிந்தபிறகு ஜவுபர் கை கழுவ மறந்து உட்கார்ந்திருந்தான். "தனிப் பொம்புள" என்றான். "கேக்கயும் திண்டுட்டு, வளவயும் குடுக்கல்ல." கரையோரத்தில் கிடக்கும் தங்கள் வளவைத்தான் நினைக்கிறான் என்று ஸகியாவுக்குத் தெரிந்தது. அவளும் அதைத்தான் நினைத்தாள். ஆனால் அதை எடுத்தது கேக்கோடு வந்த மனிதர் இல்லை. கடலிடம் முடியாது என்று சொல்ல ஆளில்லை.

செய்தி அஸ்பியாவின் காதுக்குப் போனதும் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. முதலில் அஸ்பியாவுக்கு வந்தது கோபம்தான். "அப்ப தும்புத்தடி?" என்று கேட்டாள். இத்தனை வருடக் கவலையும் வீணாய்ப் போனதில் அவளுக்கு மனவருத்தம். பிறகு பக்கத்து வீட்டு ஆகிலாவையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். உடுப்புப் பறக்காதா, தலை சுற்றிச் சத்தி வராதா, நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது, பொம்மைக்குப் பெயர் இருக்கா என்று மாறிமாறிக் கேட்டார்கள். ஸகியா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பொம்மைகளுக்குப் பெயர் இருந்தது. மெர்லி வைத்தது.

கோஸ்டரின் இரும்பு இப்போது எங்கே என்பதற்கு மட்டும் அவளிடம் முழுப் பதில் இல்லை. தூண்களை வெட்டி உருக்க அனுப்பிவிட்டதாக ஹானி எகிப்திலிருந்து சொன்னார். பெட்டிகளையும் தண்டவாளத்தில் ஒரு பகுதியையும் யாரோ வாங்கிக் கப்பலேற்றியிருக்கிறார்கள். எந்த நாட்டுக்கு என்று அவருக்கும் தெரியவில்லை. ஸகியா இடைக்கிடை அவருக்கு வட்ஸ்அப்பில் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்புவாள். அவர் அதற்கு ஒரு கேள்விக்குறியைத் திருப்பி அனுப்புவார்.

சென்ற வருடம் ஆடியில் ஹெலன் வந்தாள். அறுகம்பையில் கடல் பார்க்கப் போகிற வழியில் ஒருநாள் சாய்ந்தமருதில் இறங்கினாள். தெருவில் நின்ற பிள்ளைகள் அவளை வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். ஸகியாவும் அவளும் வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு, அரபியும் ஆங்கிலமும் கலந்து ஒரே நேரத்தில் கதைத்தார்கள். ஜவுபர் விடியற்காலையில் கொண்டுவந்த பாரைமீனை அஸ்பியா ஆணம் காய்ச்சியிருந்தாள். ஹெலனுக்குக் கண்ணும் மூக்கும் ஓடின. ஆனாலும் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாள். அஸ்பியா அவளுக்குப் பக்கத்தில் அசையாமல் இருந்து, ஸகியாவை மொழிபெயர்க்கச் சொல்லி, அவளுடைய ஊரில் மீன் என்ன மீன், மாப்பிள்ளை எங்கே, தலைமுடிக்கு என்ன பூசுகிறாள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். மாப்பிள்ளை இல்லை என்று கேட்டதும், தன் சொந்தத் தங்கைக்குச் செய்வதுபோல அவளுடைய சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

பின்னேரம் அவளைப் பொத்துவில் பஸ் ஏற்ற ஸகியாவும் ஜவுபரும் பிரதான வீதிக்குப் போனார்கள். பஸ் வந்து நின்றபோது அஸ்பியா மூச்சிரைக்க ஓடிவந்து, வாயை இலையால் மூடிக் கட்டிய ஒரு சட்டி எருமைத் தயிரை யன்னலால் நீட்டினாள். ஹெலன் வாங்கி மடியில் வைத்தாள்.

"சரிச்சிப் புடிக்க வேணாம் எண்டு சொல்லுங்க மச்சி, ஊத்துண்டு போகும்!" என்று கத்தினாள் அஸ்பியா.

ஸகியா சொல்ல வாயெடுக்குமுன் பஸ் கிளம்பிவிட்டது. யன்னலுக்குள்ளே ஹெலன் இரண்டு கையாலும் சட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு, அசையப் பயந்து, தலையை மட்டும் திருப்பி அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். நிந்தவூர்ப் பக்கம் பஸ் மறையும்வரை மூன்று பேரும் வீதியோரத்தில் நின்றார்கள்.